ட்ரோன் சுவரில் போய் மோதுகிறது, பிள்ளைகள் 36 பேர்: பிளாக் கோடிங்கை எங்கிருந்து தொடங்குவது?

சங்கரன்கோவில் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். சங்கரன்கோவில் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். கம்ப்யூட்டர் டீச்சர் மாற்றலாகிப் போனதிலிருந்து லேப் சாவியும் என்னிடம்தான். போன மாதம் பீரோவை ஒழித்தபோது பெட்டி பிரித்த நிலையில் இரண்டு டெல்லோ ஈடியூ ட்ரோன் (பிள்ளைகள் கோடிங் பழகுவதற்கான சின்ன ட்ரோன்) கிடைத்தது. மூன்று பேட்டரி, அதில் ஒன்று பூரி மாதிரி உப்பியிருக்கிறது. சப்ளை செய்த இடத்திலிருந்து ஒரு பையன் வந்து ஒரு மணி நேரம் பறக்கவிட்டுக் காட்டினானாம், அதோடு சரி. அதன்பிறகு பீரோவை விட்டு அவை வெளியே வரவில்லை.

பழைய டீச்சர் லேப்டாப்பில் ஸ்கிராட்ச் (கட்டளைக் கட்டங்களை, அதாவது பிளாக்குகளை, அடுக்கிப் புரோகிராம் எழுதுவது) போட்டு, டெல்லோவுக்கான பிளாக்குகளையும் சேர்த்து வைத்திருந்தார். எனக்கு ஸ்கிராட்ச் கொஞ்சம் தெரியும், அதன் திரையில் வருகிற பூனைப் பொம்மையை நடக்கவைக்கிற அளவுக்கு. அந்தத் தைரியத்தில் போன வெள்ளிக்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஸ்மார்ட் கிளாஸ் ரூமுக்குக் கூட்டிப்போனேன்.

மேலே ஏறியது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு மொத்தமும் ஜன்னலுக்கு வந்துவிட்டது. அப்புறம் யாரும் ஒன்றும் சொல்லாமலே மெதுவாகப் பக்கவாட்டில் நழுவ ஆரம்பித்தது. முன்னால் 10 என்று கொடுத்தேன், அசையவில்லை. 100 கொடுத்தேன், நேரே சுவருக்குப் போனது. ஸ்கிராட்சில் சிவப்பு ஸ்டாப்பை அழுத்து அழுத்தென்று அழுத்தினேன், கேட்கவே இல்லை. சுவரில் உரசி, பெஞ்சுக்குப் பின்னால் விழுந்தது. காயம் யாருக்கும் இல்லை. ஆனால் தலைமையாசிரியர் "எதுக்கும்மா இந்த வம்பு, உள்ள வச்சுப் பூட்டுங்க" என்கிறார்.

பூட்ட மனசில்லை. அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் மனசு வராது. எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஏன் நழுவுகிறது? 40 நிமிட பீரியடில், இரண்டு ட்ரோனை வைத்துக்கொண்டு 36 பேருக்கு எப்படிச் சொல்லித்தருவது? இன்னும் நாலைந்து வாங்கச் சொல்லிக் கேட்கலாமா?

ராஜபாளையம் அப்பா:

உங்கள் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை டீச்சர். ஒரு சின்ன விஷயம் மட்டும். என் மகன் போனில் டிரோன்பிளாக்ஸ் ஆப் போட்டு ஓட்டுகிறான். டெல்லோ தானே பரப்புகிற வைஃபையில் சேர்ந்ததும் போன் "இந்த வைஃபையில் இணையம் இல்லை" என்று தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ட்ரோன் பாட்டுக்கு நிற்கும், நாம் பிளாக்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். டேட்டாவை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். இது தெரியாமல் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையே வீணாய்ப் போனது.

பாளை அண்ணாச்சி:

டீச்சர், முதலில் அந்த உப்பின பேட்டரி. அதைச் சார்ஜ் போடாதீங்க, அமுக்கிப் பார்க்காதீங்க, ட்ரோனுக்குள்ளே திணிக்காதீங்க. ஒரு வாளியில் காய்ந்த மணல் போட்டு அதுக்குள்ளே வச்சு, பிள்ளைகள் கை படாத இடத்தில் தள்ளி வைங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

நான் பாலிடெக்னிக்கில் லேப் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். சனிக்கிழமை காலையில் ஒரு மாடி ஹாலில் இதே டெல்லோவை வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். சொன்னால் நம்பமாட்டீங்க, முதல் ரெண்டு வகுப்பில் ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுக்கவே மாட்டேன். பெற்றோர் முணுமுணுப்பாங்க. முணுமுணுக்கட்டும்.

நழுவுற கதை இது. டெல்லோவுக்கு வயிற்றுப் பக்கம் ஒரு குட்டி கேமரா இருக்கு, கூடவே உயரம் பார்க்க இன்ஃப்ராரெட் சென்சார். அந்த கேமரா தரையைப் பார்த்துப் பார்த்துத்தான் "நான் நகரலே, இதே இடத்திலேதான் நிக்கேன்" என்று தெரிஞ்சுக்கிடும். உங்க ஸ்மார்ட் கிளாஸில் பளபளன்னு வெள்ளை டைல்ஸ்தானே? நான் பார்க்காமலே சொல்றேன். வெள்ளைத் தரையில் அதுக்குப் பிடிக்க ஒரு புள்ளி இல்லை. நடுக்கடலில் கரை தெரியாத தோணி மாதிரி. அந்த நேரம் விளக்கு மஞ்சளாக மெதுவாக மினுக்கியிருக்கும், கவனிச்சீங்களா? பச்சை மினுக்கினால் தரை தெரியுதுன்னு அர்த்தம். மஞ்சள்னா கண்ணைக் கட்டி விட்டாச்சு.

இதுக்கு நான் முதலில் செய்த வைத்தியம் பாய் விரிச்சது. வீட்டிலே பத்தமடைப் பக்கத்துக் கோரைப்பாய், சிவப்பும் பச்சையுமா நீளநீளமாய்க் கோடு போட்டது. அதுமேலே நிறுத்தினால் குறுக்கே நழுவலே, ஆனா கோட்டுப் போக்கிலேயே சறுக்கிக்கிட்டுப் போச்சு. ரெண்டு நாள் மண்டையைக் குடைஞ்சது. அப்புறம்தான் விளங்குச்சு: நீளக் கோட்டின் மேலே நீளவாக்கில் நகர்ந்தால் கேமராவுக்குப் படம் மாறவே மாறாது. கோடு அப்படியே கோடாத்தான் தெரியும். நகர்ந்ததே தெரியாதபோது எப்படித் திருத்தும்? ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகிற டிசைன் ஆகாதுன்னு அதோட கையேட்டிலேயே போட்டிருக்கான். நான்தான் படிக்கலே.

கடைசியில் கைகொடுத்தது கோலம். சாக்பீஸால் பெரிய கோலம், ஒரு பக்கம் மாதிரி இன்னொரு பக்கம் இல்லாமல் கன்னாபின்னான்னு. உங்க டைல்ஸ் வெள்ளைன்னா கலர் சாக்பீஸ், இல்லேன்னா பழைய செய்தித்தாளை ஒட்டி விரிச்சு அதிலே வரையுங்க. பெண்கள் பள்ளி, உங்களுக்கு ஆள் பஞ்சமா? புள்ளிக்கோலம் கூடவே வேணும், அதுக்குக் காரணம் பின்னாலே சொல்றேன்.

சீலிங் ஃபேனை நிறுத்துங்க, எல்லாத்தையும். 87 கிராம் சாமான், ஒன்றரை முட்டை எடைதான். ஃபேன் காற்று அதுக்குச் சூறாவளி. மைதானத்துக்கு எடுத்துப்போகிற எண்ணமிருந்தால் ஆடி முடியட்டும். செங்கோட்டைக் கணவாய்க் காற்று உங்க ஊர்ப் பக்கம் எப்படி அடிக்கும்னு நான் சொல்லணுமா, அம்மியே பறக்கிற காற்றிலே இது எந்த மூலைக்கு.

அடுத்து, 10 கொடுத்தால் ஏன் நகரலேன்னு கேட்டீங்க. அதுக்கு 20 சென்டிமீட்டருக்குக் குறைச்சு நகரத் தெரியாது, 500க்கு மேலேயும் ஒரே கட்டளையில் போகாது. 10 கொடுத்தால் "எரர்" என்று பதில் சொல்லியிருக்கும், அந்தப் பதில் உங்க கண்ணுக்குத் தெரியலே, அவ்வளவுதான். சிவப்பு ஸ்டாப் விஷயம் இதைவிட முக்கியம், பாத்துக்கிடுங்க. ஸ்கிராட்சில் ஸ்டாப் அழுத்தினால் நிற்கிறது ஸ்கிராட்ச்தான். ட்ரோனுக்குப் போன கட்டளை போனதுதான், வில்லை விட்ட அம்பு. "100 முன்னால் போ"ன்னு வாங்கினதை அது முடிச்சுத்தான் தீரும். அப்புறம் 15 விநாடி வேற கட்டளை ஏதும் வரலேன்னா தானே இறங்கிடும். அதனால நிறுத்தணும்னா ஸ்டாப்பை நம்பாமல், "ஸ்பேஸ் தட்டினால் லேண்ட்" என்று தனியா ஒரு பிளாக்கை எப்பவும் பக்கத்திலே வச்சிருங்க. என் வகுப்பில் பிள்ளைகள் முதலில் எழுதுகிறதே இறங்குகிற பிளாக்கைத்தான், ஏறுகிறது அதுக்கப்புறம். எமர்ஜென்சி என்று ஒரு பிளாக் இருக்கும், அது மோட்டாரை அந்தரத்திலேயே அணைக்கும், கல்லு மாதிரி விழும். யாராவது தலைக்கு நேரே போனால் மட்டும் அது.

இப்போ 36 பேர் கணக்கு. எனக்கு எப்பவும் முப்பதுக்குக் குறையாது, அதனால் சொல்றேன்.

முதல் வகுப்பில் ட்ரோன் ஒரு பிள்ளைதான். கண்ணைத் துண்டால் கட்டி நடுவிலே நிறுத்துங்க. கோலப்புள்ளியை ஐம்பது ஐம்பது சென்டிமீட்டருக்கு ஒண்ணா வச்சிருந்தால் ஒரு எட்டு ஒரு புள்ளி. எதிரே நிற்கிற பிள்ளை கட்டளை சொல்லணும். என்ன நடக்கும்னு நினைக்கீங்க? "இடதுபக்கம் போ" என்று சொல்லும், சொன்ன பிள்ளையோட இடது பக்கத்தை நினைச்சுக்கிட்டு. ட்ரோன் பிள்ளை தன் இடதுபக்கம் போகும். "ஏய், அந்தப் பக்கம் இல்லடி!" என்று ஒரே கூச்சல். அந்தக் கூச்சல்தான் பாடம். யாரோட இடது? இதை ஒரு பிள்ளை உடம்பால உணர்ந்துட்டால் பாதி ட்ரோன் கத்துக்கிட்ட மாதிரி. பெரிய ஆட்களே ட்ரோன் தன்னைப் பார்த்துத் திரும்பினதும் தடுமாறி மரத்திலே மாட்டுறது இதிலேதான்.

ஆட்டத்துக்கு ரெண்டு விதி. ட்ரோன் பிள்ளை ஒவ்வொரு கட்டளையையும் முடிச்சதும் "சரி" என்று சத்தமாச் சொல்லணும், அது சொல்லும்வரை அடுத்த கட்டளை கூடாது. நிஜ டெல்லோவும் அப்படித்தான், ஒவ்வொண்ணையும் முடிச்சு "ஓகே" என்று லேப்டாப்புக்குப் பதில் அனுப்பும். சில ஸ்கிராட்ச் இணைப்பு அந்த ஓகேவுக்குக் காத்திருக்காது, கட்டளையை வரிசையாக் கொட்டிடும், நடுவிலே ரெண்டு காணாமல் போயிடும். அங்கே வெயிட் பிளாக் போடணும். ஏன் போடணும்னு "சரி" சொல்லி விளையாடின பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம். ரெண்டாவது விதி, கட்டளை வராமல் நின்னால் சுத்தி இருக்கிறவங்க ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணணும். பதினைஞ்சிலே ட்ரோன் பிள்ளை அப்படியே உட்கார்ந்திடணும்.

ரெண்டாவது வகுப்பு முழுக்க ஸ்கிராட்ச் பூனை. ஸ்கிராட்ச் மேடை அகலம் 480, உயரம் 360. ஒரு படியை ஒரு சென்டிமீட்டர்னு வச்சுக்கிட்டால் 4.8 மீட்டருக்கு 3.6 மீட்டர், ஒரு சின்ன வகுப்பறையை மேலேயிருந்து பார்க்கிற மாதிரி. பென் பிளாக்கைப் போட்டால் போன பாதையைக் கோடு இழுத்துக் காட்டும். உயரம் மட்டும் அதிலே தெரியாது. பூனை மேடை ஓரத்திலே முட்டுற புரோகிராம் எதுவும் ட்ரோனுக்குப் போகக்கூடாது, இது என் கண்டிஷன்.

இங்கே ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லியே ஆகணும், நீங்க கணக்கு டீச்சர் ஆச்சே. ஏழாவது படிக்கிற பொண்ணு, வாய் கொஞ்சம் ஜாஸ்தி. சதுரம் போட்டாச்சு: நாலு தடவை, 100 முன்னால், 90 திரும்பு. அடுத்து முக்கோணம். மூணு தடவை, 100 முன்னால், 60 திரும்பு என்று எழுதினாள். பூனை முக்கோணம் போடலே. விரிஞ்ச கிண்ணம் மாதிரி மூணு கோடு இழுத்து, புறப்பட்ட இடத்திலேருந்து சரியா 200 தள்ளிப் போய் நின்னுச்சு. "சமபக்க முக்கோணத்திலே கோணம் 60தானே தாத்தா, கம்ப்யூட்டர் தப்பு" என்று சண்டைக்கு வந்தாள். நான் ஒண்ணும் சொல்லலே. தரையிலே முக்கோணம் வரைஞ்சு நடக்கச் சொன்னேன். முதல் மூலைக்கு வந்ததும், "நில்லு, போய்க்கிட்டிருந்த திசையிலேயே ஒரு செருப்பைக் கழட்டி வை"ன்னேன். வச்சாள். "இப்போ அடுத்த கோட்டைப் பார்த்துத் திரும்பு." திரும்பினாள். செருப்புக்கும் தன் பாதத்துக்கும் நடுவிலே இருக்கிற விரிசலைக் குனிஞ்சு பார்த்தாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஐயோ, உள்ளே இருக்கிறது 60, நான் திரும்பினது 120" என்றாள். அன்னைக்கே அவளாவே ஐங்கோணத்துக்கு 72, அறுகோணத்துக்கு 60 என்று போட்டுட்டாள், முன்னாலே போட்டது பாதி அறுகோணம்னும் அவள்தான் கண்டுபிடிச்சாள். 360ஐ வகுத்தால் போதும்னு நான் சொல்லித்தரலே.

மூணாவது வகுப்பிலேதான் ட்ரோன். நாலு பேருக்கு ஒரு குழு, ஒன்பது குழு. ஒரு குழுவுக்கு 40 விநாடிக்கு மேலே வேண்டாம், பூனையிலே சரிபார்த்த புரோகிராம்தானே. மொத்தம் 6 நிமிஷம். கம்பெனிக்காரன் 13 நிமிஷம் பறக்கும்னு எழுதியிருக்கான், ஏறி இறங்கி ஏறி இறங்கி எனக்கு எட்டு ஒன்பதுதான் நிற்குது, அதுவும் உங்களுக்கு மிச்சம். இன்னொரு பேட்டரி கையிருப்பு. சார்ஜ் ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும், காலையிலேயே போட்டிடுங்க. குழுக்களுக்கு நடுவிலே ட்ரோனை ஆன்லயே தரையிலே வைக்காதீங்க, விசிறி சுத்தினால்தான் அதோட உடம்பு குளிரும். சும்மா கிடந்தால் சூடாகி அணைஞ்சிடும். பிள்ளைகள் குட்டிக்கரணம் கேட்பாங்க, கேட்டே தீருவாங்க. பேட்டரி பாதிக்குக் கீழே போனால் அது கரணம் அடிக்காது, அதனால் ஒழுங்கா இறங்கின முதல் குழுவுக்குத்தான் கரணம்னு பரிசு வச்சிருங்க. அடங்கி இருப்பாங்க.

விசிறிக் காப்பு நாலும் மாட்டியிருக்கணும். இரட்டைச் சடையைக் கொண்டையாச் சுருட்டச் சொல்லுங்க. ரெண்டு மீட்டர் தள்ளி ஒரு சாக்பீஸ் கோடு, அதைத் தாண்டினால் அந்தக் குழுவுக்கு முறை போச்சு. ரெண்டு ட்ரோனையும் ஒரே நேரத்திலே ஆன் பண்ணாதீங்க. எது யாரோட வைஃபைன்னு தெரியாமல் ஒருத்தி அழுத்த இன்னொருத்தி பக்கத்து ட்ரோன் எழும்பும், எனக்கு நடந்திருக்கு. அது காமெடி இல்லை, கை பக்கத்திலே இருந்தது.

கோவை குவாட்:

வணக்கமுங்க. அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரிதானுங்க, ஆனா ஒரு சந்தேகம் கேட்கோணும். இது ட்ரோன் ஓட்டக் கத்துக்கறதா, கம்ப்யூட்டர் கத்துக்கறதா? நான் அஞ்சு வருஷமா எஃப்பிவி (ட்ரோன் கேமராவுல தெரியறதைப் பாத்தே ஓட்டறது) ஓட்டறவன். பிளாக்குல ஜம்முனு சதுரம் போட்ட பசங்க கையில ரிமோட்டைக் கொடுத்துப் பாத்திருக்கேன், ரெண்டு விநாடியில தரையில குத்தறாங்க. விரலுக்குப் பழக்கம் வேறங்க. "100 முன்னால்"னு எழுதறதுக்கும் காத்துல ஸ்டிக்கைப் பிடிச்சு நிறுத்தறதுக்கும் சம்பந்தமே இல்லை.

வாங்கறதைப் பத்தி டீச்சர் கேட்டீங்க. 2022 பிப்ரவரி 9ஆம் தேதி வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியைத் தடை பண்ணிட்டாங்க. முழுசா வந்தாலும் சரி, பிரிச்சு வந்தாலும் சரி. ஆராய்ச்சி, பாதுகாப்பு மாதிரி சிலதுக்குத்தான் விலக்கு. உதிரி பாகத்துக்குத் தடை இல்லைங்க. அதனால இப்ப எவனாச்சும் "புது டெல்லோ ஸ்டாக் இருக்கு"ன்னா எங்கிருந்து வந்துச்சுன்னு கேளுங்க, பில் கேளுங்க. இங்கயே அசெம்பிள் பண்ற நானோ கிட்டு கிடைக்குது. எடுக்கறதுக்கு முன்னால பிளாக் கோடிங் நிஜமாவே ஓடுதான்னு உங்க லேப்டாப்புலயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, விசிறியும் பேட்டரியும் தனியாக் கிடைக்குமான்னும் கேட்டுக்கோங்க.

லைசென்ஸ் பயம் வேண்டாமுங்க. 2021 ட்ரோன் விதிப்படி 250 கிராம் வரைக்கும் நானோ, அதுக்கு பைலட் சான்றிதழ் தேவையில்லை. வெளிய மைதானத்துல விடறதா இருந்தா அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்புல உங்க இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க. தலைமையாசிரியர்கிட்ட அதைக் காட்டினாலே பாதி சமாதானம் ஆயிடுவாரு.

பாளை அண்ணாச்சி:

தம்பி, விதி விஷயம் தெளிவாச் சொன்னீங்க, நன்றி. விரல் பழக்கம் வேறன்னு சொன்னதும் நிஜம். என் பேரன் பிளாக்கிலே எட்டு போடுவான், ஸ்டிக்கைக் கொடுத்தால் என் வீட்டுச் சப்போட்டா மரத்துக்கு நேராப் போவான். ஆனா சம்பந்தமே இல்லைங்கிறதை நான் ஒத்துக்கிடமாட்டேன்.

உங்க ரிமோட்டிலே எத்தனை அசைவு? இடது ஸ்டிக்கிலே ஏறு இறங்கு, சுழலு. வலது ஸ்டிக்கிலே முன்னே பின்னே, இடம் வலம். டெல்லோ பிளாக்கிலேயும் அடிப்படை அசைவு அதே நாலு ஜோடிதான். பிளாக் எழுதின பிள்ளைக்குச் "சுழலு" வேற, "வலது பக்கம் நகரு" வேறன்னு ஏற்கெனவே தெரியும். ரிமோட்டை முதல் தடவை பிடிக்கிற ஆளுக்கு அதுதான் குழப்பம், ரெண்டையும் ஒண்ணா நினைச்சுக்கிடுவான். நீங்க சொன்ன பசங்க தரையிலே குத்தினதுக்கு விரல் காரணமா இருக்கலாம். மூக்கு நம்மளைப் பார்த்துத் திரும்பினதும் எத்தனை பேர் குழம்பினாங்கன்னு எண்ணியிருக்கீங்களா? அடுத்த தடவை எண்ணிப் பாருங்க தம்பி. நான் வாதத்துக்குச் சொல்லலே, எனக்கே தெரிஞ்சுக்கிடணும்.

டீச்சர், நாலைந்து வாங்குறதெல்லாம் இப்போ வேண்டாம். காசு வந்தால் நல்ல பேட்டரி ரெண்டும், விசிறி ஒரு பாக்கெட்டும் கேளுங்க. ஒரு ட்ரோன் பறக்கும்போது 32 பேர் கோட்டுக்கு வெளியே நின்னு அடுத்து என்ன ஆகும்னு வாய்விட்டுச் சொல்லணும், பார்க்கிற நேரமும் பாடம்தான். அஞ்சு ட்ரோன் பறந்தால் நீங்க போலீஸ் வேலைதான் பார்ப்பீங்க.

கோவை குவாட்:

எண்ணிப் பாத்துட்டு வந்து சொல்றேனுங்க. சப்போட்டா மரத்துக்கு அனுதாபங்கள்.

சங்கரன்கோவில் டீச்சர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடுவில் பரீட்சை, அப்புறம் ஆடித்தபசுக்கு உள்ளூர் விடுமுறை.

அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடியே செய்தேன். டைல்ஸ் வெள்ளைதான், எப்படிச் சரியாகச் சொன்னீர்கள்! செய்தித்தாள் ஒட்டி அதன்மேல் கலர் சாக்பீஸில் கோலம். முதலில் பிள்ளைகள் அழகாகச் சமச்சீராகச் சிக்குக்கோலம் போட்டுவிட்டார்கள். "அசிங்கமாகப் போடுங்கடி" என்று நான் சொன்னதும் அவர்களுக்கு நம்ப முடியவில்லை. அதன்பின் போட்டார்கள் பாருங்கள், மயில், லாரி, என் மூக்குக்கண்ணாடி எல்லாம் தரையில்.

கண்ணைக் கட்டும் ஆட்டம் எங்கள் பள்ளியில் இப்போது இடைவேளையிலும் நடக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் "சரி" சொல்லாமல் ஏமாற்றுகிறார்கள் என்று புகார் வந்தது. முக்கோணத்தில் என் வகுப்பில் ஒன்பது குழுவில் ஏழு குழு 60தான் போட்டது. செருப்பு வைத்தியம் ஏழு தடவை செய்தேன். ஒன்பதாம் வகுப்பில் வெளிக்கோணம் நடத்தும்போதும் இதையே செய்யப்போகிறேன்.

நேற்று ட்ரோனை எடுத்தோம். தலைமையாசிரியர் கோட்டுக்கு வெளியே, கையைக் கட்டிக்கொண்டு. எல்லாக் குழுவுக்கும் ஒரே வேலை: ஒரு மீட்டர் சதுரம் போட்டுப் புறப்பட்ட புள்ளிக்கே வந்து இறங்க வேண்டும். பச்சை மினுக்கியது, நழுவல் இல்லை. மூன்றாவது குழு லேண்ட் பிளாக்கை இணைக்காமல் விட்டுவிட்டது. சதுரம் முடிந்து அப்படியே அந்தரத்தில் நின்றது. நான் ஸ்பேஸைத் தட்டப் போனேன், அதற்குள் மொத்த வகுப்பும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ண ஆரம்பித்துவிட்டது. கையை எடுத்துக்கொண்டேன். பதினைந்தில் இறங்கியது. கைதட்டல் அடங்க நேரமானது, தலைமையாசிரியரும் எண்ணினார் என்று பின்பெஞ்சு சாட்சி சொல்கிறது.

ஆனால் ஒரு குழுவுக்கும் சரியாகப் புள்ளியில் இறங்கவில்லை. ஸ்கேல் வைத்து அளந்தோம். குறைந்தது 9 சென்டிமீட்டர், அதிகம் 26. பூனை மட்டும் எப்போதும் புள்ளியிலேயே வந்து நிற்கிறதே, ட்ரோன் ஏன் வரவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்தேன்.

பாளை அண்ணாச்சி:

அருமை டீச்சர். அந்த லாரிக் கோலத்தை நான் பார்க்கணும்.

பதில் சொல்றதுக்கு முன்னாலே ஒரு கேள்வி. ஒன்பது தடவையும் விலகினது ஒரே பக்கமா, ஆளுக்கொரு பக்கமா? அளவை மட்டும் குறிச்சீங்களா, திசையையும் குறிச்சீங்களா? நாலா பக்கமும் சிதறியிருந்தால் அது வழக்கமான பிசகு, ஒவ்வொரு திருப்பத்திலேயும் கொஞ்சம் கொஞ்சமாச் சேருவது. பூனைக்குக் காற்றுமில்லை, கண்ணுமில்லை. ஒரே பக்கமா இருந்தால் யாரோ தள்ளுறாங்க, அந்த ஆளைப் பிடிக்கணும்.

சங்கரன்கோவில் டீச்சர்:

இறங்கின இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருந்தார்கள், அழிக்கவில்லை. இப்போது போய்ப் பார்த்தேன். ஒன்பதில் எட்டு வட்டம் ஜன்னல் பக்கம்.

பாளை அண்ணாச்சி:

ஃபேன்?

சங்கரன்கோவில் டீச்சர்:

எல்லாம் நிறுத்தியிருந்தது. ஆனால் பக்கத்து வகுப்பு வேடிக்கை பார்ப்பதற்காக வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தோம், ஜன்னலுக்கு நேர் எதிரே. இன்னொன்று, மூன்று மணி வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்து அந்தப் பக்கக் கோலமே கண்ணுக்குத் தெரியாமல் பளீரென்று இருந்தது. காற்றா, வெயிலா?

பாளை அண்ணாச்சி:

ஒரு தடவை கதவை மட்டும் சாத்துங்க, ஒரு தடவை ஜன்னலுக்குத் திரை மட்டும் போடுங்க. ரெண்டையும் சேர்த்துச் செய்யாதீங்க. பிள்ளைகளிடம் முதலிலேயே கேட்டுடுங்க, எது காரணம்னு நினைக்காங்கன்னு.

சங்கரன்கோவில் டீச்சர்:

கேட்டாயிற்று. 19 பேர் கதவு, 16 பேர் வெயில். ஒருத்தி மட்டும் என் மூக்குக்கண்ணாடிக் கோலம்தான் காரணம் என்கிறாள். வியாழக்கிழமை நாலாவது பீரியட்.